கட்டி முடிக்காத நாட்டில் ஒரு மனை

ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்திலாவது எல்லோருக்கும் முன்னால் நுழைந்துவிட வேண்டும்.

பேராசை என்று நினைக்காதீர்கள். தென் கொரியாவில் சோங்ஜு நகரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் உதவி மேலாளர். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் மேலே போவதற்குப் பொறுப்பு வகிக்கிறேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்த வருடம், அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அடுக்கக வீட்டுக்கான குலுக்கலில் பதினோரு தடவை எனக்கு விழவில்லை. பன்னிரண்டாவது தடவை விழுந்தது. அது என் மனைவி பெயரில் போட்ட விண்ணப்பம். என் கல்யாணத்துக்கே நான்தான் கடைசியாக வந்து சேர்ந்தேன். நெடுஞ்சாலையில் முள்ளங்கி லாரி கவிழ்ந்திருந்தது.

இப்படிப்பட்டவன் கண்ணில்தான் அந்த விளம்பரம் பட்டது. ‘வெண்பனி நாடு.’ புதிய இணைய விளையாட்டு. வேலை நடந்துகொண்டிருக்கிறது, திறக்க இன்னும் வெகுநாள் ஆகும், ஆனால் இப்போதே உள்ளே வர விரும்புகிறவர்கள் வரலாம் என்று போட்டிருந்தார்கள். மூன்று வகை சீட்டு. வழிப்போக்கர், குடியேறி, நிறுவனர். அதிகம் கொடுப்பவர் முன்னால் போகலாம். நிறுவனர்தான் எல்லோருக்கும் முன்னால். விலை பன்னிரண்டு லட்சம் வொன். கூடவே ஆற்றங்கரையில் ஒரு மனையும் பெயர் பொறித்த பத்திரமும் உண்டு. ஒரு விளையாட்டைச் செய்து முடித்து விற்றால் அதில் பாதி விலைகூட வராது. முடிக்காமல் விற்றால் வருகிறது. என்னைப் போன்றவர்கள் இருப்பதால்தான் வருகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் சம்பளம் புருஷன் பெயரில் வந்து மனைவி கையில் தங்கும். அவள் கொடுக்கும் கைச்செலவுக் காசில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி ஒளித்து வைப்பது மானமுள்ள ஒவ்வொரு புருஷனும் செய்கிற காரியம். என் மறைவிடம், ராணுவத்தில் இருந்தபோது போட்ட பழைய பூட்ஸ். அலமாரியின் அடித்தட்டில், முப்பது வருட நாற்றத்தின் காவலில் இருந்தது. நான்கு வருடச் சேமிப்பு.

அட்டையில் செலவு செய்தால் அடுத்த நொடி அவள் ஃபோன் மணியடிக்கும். அதனால் ஐந்து வெவ்வேறு கடைகளில், ஐந்து வெவ்வேறு நாள்களில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, இணையத்தில் காசுக்குப் பதிலாகக் கட்டும் பரிசுக் கூப்பன்களாக வாங்கினேன். கடத்தல்காரர்கள் இவ்வளவு நடக்க மாட்டார்கள்.

என் மனைவி பியோ மி-சுக் சனிக்கிழமை மதியங்களில் மலையேறும் குழுவோடு போவாள். ஆறு மணிக்குத் திரும்புவாள். அந்த நான்கு மணி நேரம் நான் நிறுவனர்.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். வானம் இளஞ்சிவப்பாக இருந்தது. சூரியனை இன்னும் செய்யவில்லை. வீடுகளுக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. மரங்களுக்கு நிழல் இருந்தது, இலை இல்லை. ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை. ஊர் மக்கள் நடமாடினார்கள். அவர்களுக்கு முகம் வைக்கவில்லை. என் மனையில் ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தி ஒன்று முடியாமல் நின்றுகொண்டே இருக்கும். முகமில்லாதவர்கள் என்னைக் கடந்து போவார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லிஃப்ட்கூட அந்த நாட்டில் பழுதாகவில்லை.

நான்கு சனிக்கிழமைகள் அப்படி உட்கார்ந்திருந்தேன். பிறகு டப்பா வந்தது.

“நாரே அப்பா, உங்க பேருக்கு ஒரு டப்பா வந்திருக்கு.”

நாரே எங்கள் மகள். பூசானில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தாலும் நான் நாரே அப்பா, அவள் நாரே அம்மா. சொந்தப் பெயர்கள் கடிதங்களுக்கு மட்டும்.

“என்ன டப்பா?”

“பிரிச்சுப் பார்த்தேன்.”

“என் பேருக்கு வந்ததை நீ எதுக்குப் பிரிச்சே?”

“இருபத்தேழு வருஷத்துல உங்க பேருக்கு வந்தது மூல வியாதி மாத்திரையும் போக்குவரத்து அபராதமும்தான். ரெண்டையும் நான்தானே பிரிச்சேன்.”

மேசைமேல் ஒரு கண்ணாடிச் சட்டத்தை வைத்தாள். தங்க முத்திரை போட்ட பத்திரம். ‘வடக்கு வாயில் கிராமம், ஆற்றங்கரை மனை எண் 417. உரிமையாளர்: நிறுவனர் மேங் உ-ஷிக்.’ பாவிகள், அசல் பத்திரம் மாதிரியே அச்சடித்திருந்தார்கள்.

“ஆத்தங்கரை மனையா?” என்றாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் மரியாதை மாதிரி ஒன்று தெரிந்தது. எனக்குப் பழக்கமில்லாததால் சரியாக அடையாளம் சொல்ல முடியவில்லை.

“ஆமாம்,” என்றேன்.

“வடக்குன்னா எந்தப் பக்கம்? பாஜுவா?”

“அதுக்கும் அந்தண்டை.”

“அதுக்கு அந்தண்டை வட கொரியா.”

“அவ்வளவு தூரம் இல்ல.”

“அக்கம்பக்கத்துல வீடு இருக்கா?”

“வந்துக்கிட்டிருக்கு.”

“தண்ணி வசதி?”

“ஆறு இருக்கு.”

அது பொய்யில்லை. ஆறு இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் ராஜா. வெள்ளிக்கிழமை மாட்டு விலாக் குழம்பு. சனிக்கிழமை மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து, குளிருக்கு இதமாகச் சூடேற்றிய தரையில் எனக்கு மெத்தை போட்டு, பேரிக்காயைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தாள். வறுத்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு என் சோற்றின் மேல் வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட முள்ளை நான்தான் எடுத்தேன், அவளுக்காக. ‘உண்மையை நாளைக்குச் சொல்லலாம்’ என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவள் மலையேறும் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதுகுப்பையில் கடற்பாசி சுற்றிய சோற்று உருளைகள். கையில் வாற்கோதுமைத் தண்ணீர்.

“கிளம்புங்க. நிலத்தைப் பார்த்துட்டு வரலாம்.”

“முழங்கால் வலிக்குது.”

“கார்லதானே போறோம்.”

“மழை வரும் போலிருக்கு.”

“வெயில் அடிக்குது.”

“அறுவடைக் காலம். சாலை முழுக்க லாரியா இருக்கும்.”

“லாரி கவிழற கதையெல்லாம் கல்யாணத்தோட முடிஞ்சுது. ஷூவைப் போடுங்க.”

போட்டேன். வழியில் ஏதாவது ஒரு ஆற்றைக் காட்டி, எட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மேட்டைக் காட்டி, அதுதான் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். வாசலில் நின்று ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவளைக் காணோம்.

“எங்க நிக்கறீங்க? ஷூவைக் கழட்டிட்டு வாங்க.”

குரல் நாரேயின் அறையிலிருந்து வந்தது. அங்கேதான் என் கணினி. தொப்பியோடும் முதுகுப்பையோடும் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் இளஞ்சிவப்பு வானம்.

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“எப்போ தெரியும்?”

“டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கே. பத்திரத்துக்குப் பின்னால ஃபோன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்து, ‘அம்மா, அந்த நிலம் கணினிக்குள்ள இருக்கு’ன்னா. பாவம், சொல்றதுக்கு அவளுக்கே சங்கடமா இருந்தது.”

“அப்போ விலாக் குழம்பு?”

“இவ்வளவு பொய் சொல்றவர் எவ்வளவு சாப்பிடுவார்னு பார்த்தேன். மூணு கிண்ணம்.”

“நாரே அம்மா, காசு வீட்டுக் காசு இல்ல.”

“பூட்ஸ் காசுதானே.”



“பூட்ஸும் தெரியுமா?”

“வருஷா வருஷம் அதுல அந்துருண்டை யார் போடறாங்கன்னு நினைச்சீங்க?”

மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான். நான் எங்கள் வீட்டையே பிடித்தேன்.

“நீ மட்டும் என்ன? இந்த அடுக்ககத்துக்கு வெறும் பள்ளமா இருக்கும்போதே பணம் கட்டலையா? கட்டாத வீட்டுக்கு நீ முன்னாடியே கட்டினா அது புத்திசாலித்தனம். நான் கட்டினா பைத்தியக்காரத்தனமா?”

அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். அதுதான் எனக்குப் பயம்.

“சரி,” என்றாள். “அப்போ அதே மாதிரி செய்வோம். குடிபோறதுக்கு முன்னாடி வீட்டைச் சோதிக்கணுமில்ல?”

பையிலிருந்து ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் எடுத்தாள்.

இதை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புது அடுக்ககத்தில் குடியேறும் முன் ஒரு நாள் வீட்டைத் திறந்துவிடுவார்கள். எங்கே குறை கண்டாலும் அங்கே தாள் ஒட்டிவிட்டு வர வேண்டும். கட்டியவர்கள் சரிசெய்து தர வேண்டும். சாதாரண மனிதர்கள் இருபது முப்பது ஒட்டுவார்கள். மி-சுக் நூற்று நாற்பத்து மூன்று ஒட்டினாள். தரையில் கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தாள். கழிப்பறையில் படுத்துப் பார்த்தாள். கட்டட மேற்பார்வையாளர் அன்று மாலையே விடுப்பில் போனார்.

“இது உங்க மனையா?”

“ஆமாம்.”

“இந்தக் கல்லு எதுக்கு?”

“உட்கார.”

“கல்லு தரையில இல்லையே. நாலு விரக்கடை மேல மிதக்குது. எழுதிக்கறேன். அந்த வீட்டுக்குக் கதவு?”

“வரும்.”

“எப்போ?”

“விரைவில்னு போட்டிருக்காங்க.”

“தேதி போட்டிருக்காங்களா?”

“விரைவில்னுதான்.”

“தேதி இல்ல. எழுதிக்கறேன். இது என்ன, தண்ணியில்லாத ஆத்துல படகு? ஓட்டறவர் துடுப்புப் போடறாரே.”

“பழகிக்கறார்.”

திரையின் விளிம்பெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அவள் வேலியைத் தாண்டி நடந்தாள். நான் ஒருநாளும் வேலியைத் தாண்டியதில்லை. திடீரென்று தரைக்குள் போய்விட்டாள்.

“நாரே அப்பா, பூமி முடிஞ்சு போச்சு.”

“அங்க போகக் கூடாது.”

“போகக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? நான் விழுந்துக்கிட்டே இருக்கேன். இன்னும் விழறேன். ஒரு சோத்து உருளை எடுங்க, கீழ போய்ச் சேர நேரமாகும் போலிருக்கு.”

விழுந்துகொண்டே இரண்டு உருளை சாப்பிட்டாள். பிறகு எப்படியோ ஊருக்குள் வந்து நின்றாள். அங்கே ஒரு கடை. கதவு, ஜன்னல், கூரை, தொங்கும் விளக்கு எல்லாம் அதற்கு இருந்தன. கடைக்காரருக்கு மூக்கு, மீசை, சிரிக்கும்போது கன்னத்தில் குழிகூட இருந்தது. இன்னும் அதிக விலைச் சீட்டுகளை விற்கிற கடை அது.

“இதை மட்டும் முழுசாக் கட்டி முடிச்சிருக்காங்க,” என்றாள். அந்த இடத்தில் தாள் ஒட்டவில்லை. அவளிடமிருந்து யாருக்கும் கிடைக்காத பாராட்டு அது.

மதியம் ஒரு மணிக்குச் சற்று ஓய்ந்தாள். வாற்கோதுமைத் தண்ணீரைக் குடித்தாள்.

“இங்க வந்து என்னதான் பண்ணுவீங்க?”

“சும்மா உட்காருவேன்.”

“சண்டை கிண்டை?”

“இல்ல.”

“சும்மா உட்காரவா பன்னிரண்டு லட்சம்? பூங்காவுல பெஞ்ச் இலவசம்.”

“பூங்காவுல எல்லாரும் முகத்தோட இருக்காங்க.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் இருபத்தாறு வருடத்தில் எத்தனை முகங்கள் பழுதான லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று என்னைத் திட்டியிருக்கும் என்று அவளும் நினைத்துப் பார்த்தாளோ என்னவோ. மெதுவாக ஒரு தாளைக் கிழித்தாள். மனம் இளகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

‘ஊர் மக்கள்: முகம் இல்லை’ என்று எழுதி ஒட்டினாள்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் படம் பிடித்து, எண் போட்டு, கம்பெனிக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து அந்த நாட்டில் மாவு அரைக்கும் கிழவருக்கு முகம் வந்தது. என் கல்லுக்குப் பக்கத்தில் நின்று முதல் வேலையாக என்னைப் பார்த்து, “பயணியே, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்?” என்று கேட்டார். வீட்டில் இருபத்தேழு வருடம் கேட்ட கேள்வி.

அதே வாரம் ஃபோன் வந்தது. மி-சுக் பூண்டு உரித்துக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். விளையாட்டுக் கம்பெனியின் குழுத் தலைவர், பாங் என்று பெயர்.

“அம்மா, நீங்க அனுப்பின இருநூத்திப் பதினாலு குறையையும் பார்த்தோம்.”

“அது மனையும் தெருவும் மட்டும்தான். ஊர் இன்னும் முழுசாப் பார்க்கல.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“அம்மா, எங்ககிட்டயும் பரிசோதிக்க ஆள் இருக்காங்க. ஆனா உள்ள போனா விளையாட ஆரம்பிச்சுடறாங்க. உங்களுக்கு விளையாட்டுல துளிக்கூட ஆசை இல்ல. அப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். சம்பளம் தர்றோம். வருவீங்களா?”

“பூண்டு உரிச்சுட்டுச் சொல்றேன்,” என்றாள்.

நான் நுழைவதற்குக் காசு கொடுத்த வாசலில் அவள் காசு வாங்கிக்கொண்டு நுழையப் போகிறாள். எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு ஒரு திட்டம் தோன்றிவிட்டது. அவளை யாராலும் எதிர்த்து நிற்க முடியாது. கட்டட மேற்பார்வையாளரே ஓடியிருக்கிறார். அவள் உள்ளே புகுந்து தினமும் அவர்களை விரட்டினால் எவ்வளவு சீக்கிரம் என் ஆற்றில் தண்ணீர் வரும். கிழவரைத் தூரமாக நகர்த்தி வைக்கச் சொல்லலாம். சம்பளம் அவர்களுடையது, உழைப்பு அவளுடையது, ஆற்றங்கரை என்னுடையது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் மனைவியை நான் வேலை வாங்கப் போகிறேன். நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

“கண்டிப்பா சேர்ந்துடு,” என்றேன். “உன் திறமை வீணாகக் கூடாது.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

மறுவாரம் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து வைத்தாள்.

“குடும்பத்தார் சம்மதம். கடைசிப் பக்கத்துல கையெழுத்து. படிச்சுட்டுப் போடுங்க.”

“எத்தனை பக்கம்?”

“பதினெட்டு.”

“நீ படிச்சியா?”

“ரெண்டு தடவை.”

“அப்புறம் நான் எதுக்கு?”

“எட்டாம் பிரிவையாவது படிங்க.”

“உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, நாரே அம்மா.”

“அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்தை ஊதிக் காயவைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் மலைக்குப் போனதும் கணினியைத் திறந்தேன். அறிவிப்புப் பலகையில் புதுச் செய்தி: ‘ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.’ என் பெயரை அடித்தேன். கதவு திறக்கவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. ‘ஊழியரின் வாழ்க்கைத் துணை என்பதால் உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளது.’

ஆறு மணிவரை அந்த வரியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து தொப்பியைக் கழற்றினாள்.

“எட்டாம் பிரிவு,” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

“என் மனை?”

“பத்திரமா இருக்கு. பரிசோதனைக்குன்னு என் பேருக்கு மாத்திட்டாங்க.”

“தண்ணி எப்படி இருக்கு? அதையாவது சொல்லு.”

“வெளில சொல்லக் கூடாது.”

“நான் வெளியாளா?”

“ஒன்பதாம் பிரிவுப்படி, ஆமாம்.”

“நீ வேலை பார்க்கும்போது பின்னால நின்னு ஒரு தடவை பார்த்துக்கறேன்.”

“திரை தெரியற இடத்துல குடும்பத்தார் யாரும் நிக்கக் கூடாது. நான் வேலை பார்க்கறப்ப நீங்க அடுப்படியில இருங்க. அரிசி கழுவி வெச்சா உதவியா இருக்கும்.”

குளிர்காலம் முழுவதும் அரிசி கழுவினேன். மாலையில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சலசலவென்று ஒரு சத்தம் வரும். ஆறாகத்தான் இருக்க வேண்டும். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நல்ல சத்தம்தான். அவள் குறை ஒன்றும் கண்டிருக்க மாட்டாள்.

சென்ற வாரம் பனி உருகத் தொடங்கியது. சாப்பிடும்போது தன் ஃபோனைப் பார்த்தபடி மி-சுக் சொன்னாள், “வேலையெல்லாம் முடிஞ்சுது. முதல் தேதியிலிருந்து வெண்பனி நாட்டைத் திறந்துவிடறாங்க. சீட்டு, விலை எதுவும் கிடையாது. எல்லாருக்கும் இலவசம்.”

என் சாப்பாட்டுக் குச்சி பாதி வழியில் நின்றது.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும். அஞ்சு கோடி ஜனமும் வரலாம். ஊழியர் குடும்பம் மட்டும் வரக் கூடாது. நம்ம வீட்டுல அது நீங்களும் நாரேயும்தான்,” என்றாள். மீன் துண்டைத் தன் சோற்றின் மேல் வைத்துக்கொண்டாள். “நாரேவுக்கு எப்படியும் இதெல்லாம் பிடிக்காது.”